ஓடிக்கொண்டிருக்கும் இணையதளத்துக்கு என்ன விலை கொடுக்கலாம்? சில வருட அனுபவம்

ஏற்கெனவே வாசகர்களும் வருமானமும் உள்ள சிறிய தகவல் தளங்களை வாங்கி நடத்துவதைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். பெரும்பாலும் ஆட்சென்ஸ் எனும் கூகுளின் விளம்பரச் சேவையில் ஓடுபவை. சிலவற்றில் கொஞ்சம் அஃபிலியேட் கமிஷனும் (தளத்தில் உள்ள இணைப்பு வழியாக வாசகர் பொருள் வாங்கினால் கடை தரும் பங்கு) வரும். இணையதளங்களை வாங்கி விற்கும் சந்தையான ஃபிளிப்பாவில் பார்த்து வாங்கியதும் உண்டு, தள உரிமையாளரிடமே நேராகப் பேசி வாங்கியதும் உண்டு. விலை போட எல்லோரும் வைத்திருக்கும் வழி ஒன்றுதான்: மாத லாபத்தை இத்தனை மடங்கு என்று பெருக்குவது. அந்தக் கணக்கை இவ்வளவு காலம் பயன்படுத்திப் பார்த்ததில் எது நிற்கிறது, எது சறுக்குகிறது என்று எழுதுகிறேன்.

கணக்கு நல்ல கணக்குதான். கடந்த 12 மாத நிகர லாபத்தின் சராசரியை எடுத்து 24, 30, 36 என்று ஏதோ ஒரு எண்ணால் பெருக்கினால் விலை வந்துவிடும். 30 மடங்கு என்றால், வருமானம் இப்படியே இருந்தால் போட்ட பணம் இரண்டரை வருடத்தில் திரும்பும். பேரம் முழுவதும் இந்த மடங்கைச் சுற்றியே நடக்கும். ஆனால் விலையை அதைவிட அதிகமாக ஆட்டுவது, லாபம் என்று எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். விற்பவர் மாதம் 40,000 ரூபாய் வருகிறது, 36 மடங்கு, ஆக 14,40,000 என்கிறார். சரி, 40,000 வருகிறது. அதில் ஹோஸ்டிங் (தளம் இருக்கும் சர்வருக்கான வாடகை), பிளகின் (தளத்தில் சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) சந்தா, கட்டுரை எழுதுபவருக்குக் கொடுப்பது எல்லாம் சேர்ந்து 9,000 போகிறது. அப்புறம், தளத்தைத் தினமும் பார்த்துக்கொள்வது அவரே. கல்லாவில் முதலாளியே உட்கார்ந்திருக்கும் கடையில் அவருடைய சம்பளம் செலவுக் கணக்கில் ஏறாது, இங்கேயும் அப்படித்தான். அந்த வேலைக்கு ஓர் ஆளை வைத்தால் 7,000 ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 24,000. அதை 30ஆல் பெருக்கினால் 7,20,000. கேட்ட விலையில் சரிபாதி. இரண்டு பேரும் ஒரே கணக்கைத்தான் போட்டோம், யாரும் பொய் சொல்லவில்லை.

எந்த மாதங்களை எடுக்கிறோம் என்பதும் அப்படித்தான். வருடக் கடைசியில் விளம்பரதாரர்கள் அதிகம் செலவழிப்பார்கள், ஜனவரியில் வருமானம் சட்டென்று இறங்கும். தேர்வு முடிவு, வேலைவாய்ப்புச் செய்தி போடும் தமிழ்த் தளம் என்றால் பிளஸ் டூ முடிவு வரும் மாதம் ஒன்றே பல மாதங்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். 'கடைசி மூன்று மாத சராசரி' என்று விற்பனைக் குறிப்பில் பார்த்தால் 12 மாதத்தையும் கேளுங்கள். தர மறுத்தால் நான் அந்தத் தளத்தை விட்டுவிடுகிறேன்.

ஆதாரத்துக்கு ஸ்கிரீன்ஷாட்டை ஏற்பதில்லை. பிரவுசரிலேயே எண்ணை மாற்றிப் படம் எடுப்பது ஒரு நிமிட வேலை. தேடலிலிருந்து தளத்துக்கு எத்தனை கிளிக் வருகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் என் மின்னஞ்சலைப் பார்வையிடும் உரிமையோடு சேர்க்கச் சொல்வேன். அதில் 16 மாதத் தரவு இருக்கும், இந்த வருடத்தின் நான்கு மாதங்களைப் போன வருடத்தின் அதே மாதங்களோடு ஒப்பிடலாம். நான் முதலில் பார்ப்பது மொத்த கிளிக்கை அல்ல, பக்கவாரிப் பட்டியலை. மூன்று பக்கங்களே பாதிக்கு மேல் கிளிக்கைக் கொண்டுவந்தால், அந்த மூன்று பக்கங்களைத்தான் வாங்குகிறோம்; மற்ற 400 கட்டுரைகளுக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. தளத்தின் பெயரையே தட்டச்சு செய்து தேடி வருபவர்கள் கணிசமாக இருந்தால் மடங்கைத் தாராளமாகக் கூட்டுவேன். அந்த வாசகர்கள் கூகுளின் தரவரிசை மாறினாலும் வருவார்கள்.

டொமைனின், அதாவது தளப் பெயரின், பழைய வாழ்க்கையை, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் பார்த்துவிடலாம், காசு இல்லாத வேலை. ஒரு காலத்தில் சூதாட்டத் தளமாக இருந்த பெயரில் இன்று சமையல் குறிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். முகவரியைக் கொடுத்தால் விலை சொல்லும் இலவசக் கருவிகளும் இருக்கின்றன. சிறிய தமிழ்த் தளங்களுக்கு அவை சொல்லும் டிராஃபிக், சர்ச் கன்சோலில் நான் பார்ப்பதற்குப் பக்கத்தில்கூட வருவதில்லை.

அடுத்தது, அந்த வருமானம் நம் கைக்கு வருமா என்ற கேள்வி. ஆட்சென்ஸ் கணக்கு கைமாறாது. தளத்தை நம் கணக்கில் சேர்த்து அனுமதி வாங்க வேண்டும், விளம்பரக் குறியீட்டை மாற்ற வேண்டும். விற்பவர் ஒரு நிறுவனத்தோடு நேரடியாகப் பேசி வாங்கிய விளம்பரம் அவருடைய பழக்கத்துக்காகத் தந்தது. அதை லாபத்தில் சேர்க்க மாட்டேன். ஒரே இடத்திலிருந்து வரும் அஃபிலியேட் கமிஷனையும் கொஞ்சம் குறைத்தே கணக்கில் எடுப்பேன். 2020 ஏப்ரலில் அமேசான் தன் அமெரிக்க அஃபிலியேட் திட்டத்தில் ஃபர்னிச்சர் பொருள்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைத்தது. அன்றுவரை இருந்த லாபத்தைப் பெருக்கி வாங்கியவர்களுக்குக் கணக்கு கவிழ அந்த ஒரு மாற்றம் போதும்.

கூகுள் விஷயம் இன்னும் கனமானது. 2023 செப்டம்பரில் அதன் தேடல் தரவரிசை முறையில் வந்த மாற்றத்தில் எத்தனையோ தகவல் தளங்கள் வாசகர்களை இழந்தன. 2024 ஆகஸ்டில் தேடல் முடிவின் மேலேயே ஏஐ சுருக்கம் காட்டுவது இந்தியாவுக்கும் வந்தது. 'இதற்கு அர்த்தம் என்ன', 'அதற்கு எத்தனை நாள்' என்று ஒரு வரியில் பதில் முடியும் கட்டுரைகளால் ஆன தளத்துக்கு இப்போது 20 மடங்குகூட எனக்கு அதிகமாகத் தெரிகிறது. சொந்தமாகப் படம் எடுத்து, செய்து பார்த்து எழுதிய தளம், மின்னஞ்சல் வாசகர் பட்டியல் உள்ள தளம் என்றால் 30க்குத் தயங்க மாட்டேன். நல்ல எழுத்துக்கு விலை குறையக் கூடாது என்றுதான் ஆசைப்படுகிறேன்.

இவ்வளவும் பார்த்த பிறகு, பணத்தை எப்படிக் கொடுக்கிறோம் என்பதையும் விலையோடு சேர்த்தே பேசுகிறேன். மேலே சொன்ன 7,20,000 ரூபாய் தளத்தில், 4,80,000 எஸ்க்ரோ (தளம் கைமாறும்வரை பணத்தை இடையில் வைத்திருக்கும் சேவை) வழியாக முதலில்; மீதி 2,40,000 ஆறு மாதம் கழித்து, கிளிக்குகள் போன வருடத்தின் அதே மாதங்களில் இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போகாமல் இருந்தால். எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்வோம். தன் தளத்தை நம்பும் உரிமையாளர்கள் பலர் இதற்குச் சம்மதிக்கிறார்கள். முழுப் பணமும் முன்னாலேயே வேண்டும் என்பவர்களுக்கும் அவரவர் தேவை இருக்கும், அதில் தவறில்லை. அவர்களிடம் 24 மடங்கு, அதாவது 5,76,000 வரை போவேன். அதற்கு மேல் இல்லை.