ஓனர் சொல்லாமல் உள்ளே வருகிறார்: பேசுவதா, எழுதுவதா, புகார் கொடுப்பதா, காலி செய்வதா?

வீட்டு ஓனர் தொல்லை கொடுத்தால் நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்த வழி இரண்டுதான். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது, தாங்க முடியாமல் போனால் வீட்டைக் காலி செய்வது. நடுவில் இன்னும் எத்தனையோ வழிகள் இருக்கின்றன. பேசிப் பார்க்கலாம், எழுதிக் கொடுக்கலாம், வாடகை அதிகாரி என்ற அரசு அலுவலரிடம் மனு போடலாம், போலீஸுக்குப் போகலாம், கோர்ட்டுக்குப் போகலாம். எது எந்த நேரத்துக்குச் சரிப்படும், எதில் என்ன சிக்கல் வரும் என்று ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்போம். நான் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுச் சட்டத்தை வைத்து. மற்ற மாநிலங்களில் சட்டம் வேறு.

முதலில், எல்லாத் தொல்லையும் ஒரே ரகம் இல்லை. மோட்டார் போட வந்தேன் என்று சமையலறை வரை வந்து நிற்பவர் ஒரு ரகம். வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணிவிட்டு, “நேத்து ராத்திரி யாரு வந்திருந்தாங்க?” என்று கேட்பவர் இன்னொரு ரகம். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து, புதிதாக வீடு பார்க்க வந்தவர்களுக்குப் படுக்கையறை வரை காட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. காலி செய்யச் சொன்னதை நீங்கள் கேட்கவில்லை என்பதற்காகத் தண்ணீரை நிறுத்துகிறவர்களும் உண்டு. முதல் ஆளுக்கு நாலு வார்த்தை போதும். கடைசி ஆளிடம் பேசிக்கொண்டே இருந்தால் உங்கள் குடத்தில் தண்ணீர் வராது.

சட்டம் யார் பக்கம்?

“என் வீடு, நான் எப்ப வேணா வருவேன்” என்பது ஓனர்கள் அடிக்கடி சொல்லும் வசனம். வீடு அவருடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வாடகைக்கு விட்டுச் சாவியைக் கொடுத்த நாளிலிருந்து அந்த வீடு உங்கள் சுவாதீனத்தில், அதாவது உங்கள் கைவசத்தில், இருக்கிறது. சட்டம் அந்தச் சுவாதீனத்தைத்தான் பாதுகாக்கிறது.

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17-ஆவது பிரிவைத்தான் ஒவ்வொரு வாடகைதாரரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஓனர் உள்ளே வர வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எதற்காக வருகிறார், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அதில் இருக்க வேண்டும். அந்த நேரமும் காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். ரிப்பேர் வேலை, வீடு குடியிருக்கத் தகுந்த நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது, அக்ரிமென்ட்டில் எழுதியிருக்கும் வேறு நியாயமான காரணம், இவை மட்டும்தான் காரணங்கள். தீ, வெள்ளம், புயல் போன்ற அவசரத்தில் சொல்லாமல் வரலாம், அது நியாயமும்கூட.

ஆக, அடுத்த குடித்தனக்காரருக்கு வீட்டைக் காட்டுவது அக்ரிமென்ட்டில் இருந்தால்தான் அவர் வர முடியும், அதுவும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு. அக்ரிமென்ட் என்று கொடுக்கிற இடத்தில் கையெழுத்துப் போடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. “ஓனர் எந்த நேரத்திலும் வீட்டைப் பார்வையிடலாம்” என்று ஒரு வரி அதில் ஒளிந்திருக்கும். அதை அடித்துவிட்டு, “ஒரு நாள் முன்னதாகத் தெரிவித்துவிட்டு” என்று எழுதச் சொல்லுங்கள். வீடு பிடிக்கிற அவசரத்தில் இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பின்னால் படுகிற அவஸ்தைக்கு இந்தக் கூச்சம் பரவாயில்லை.

பேசுவதும் எழுதுவதும்

பேசுவதில் செலவில்லை, உறவு கெடாது, பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். பல ஓனர்களுக்கு, குறிப்பாக அதே வளாகத்தில் குடியிருக்கும் பெரியவர்களுக்கு, தாங்கள் செய்வது தொல்லை என்றே தோன்றுவதில்லை. கட்டிய காலத்திலிருந்து எல்லா அறைக்குள்ளும் நடந்து பழகியவர்கள். “அங்கிள், வீட்ல அவங்க தனியா இருக்காங்க, குழந்தை தூங்கும். வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடுங்க” என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். மோட்டார் சுவிட்ச்தான் காரணம் என்றால் அதை வெளியே மாற்றி வைக்க எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடலாமா என்று கேளுங்கள். காரணத்தை எடுத்துவிட்டால் வருகையும் நின்றுவிடும்.

பேச்சின் குறை என்னவென்றால், அது நிலைத்து நிற்காது. அடுத்த மாதம் மறந்துபோகும். நாளைக்கு விஷயம் முற்றி வேறு யார் முன்னாலாவது போய் நின்றால், “இவங்க என்கிட்ட எதுவுமே சொல்லலியே” என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும்.

அதனால்தான் எல்லா வழிகளிலும் எழுதுவதைத்தான் நான் உயர்வாக நினைக்கிறேன். பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுகிற படியும் இதுதான். எழுதினால் சண்டைக்குப் போகிற மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம். வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதினால் அப்படித்தான் ஆகும். இப்படி எழுதிப் பாருங்கள்:

“வணக்கம் சார். இன்று மதியம் நாங்கள் வீட்டில் இல்லாதபோது நீங்கள் கதவைத் திறந்து இரண்டு பேருக்கு வீட்டைக் காட்டியதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எங்கள் துணிமணி, நகை, ஆவணங்கள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. இனிமேல் வர வேண்டியிருந்தால் ஒரு நாள் முன்னால் வாட்ஸ்அப்பில் தெரிவியுங்கள், நாங்கள் வீட்டில் இருந்து காட்டுகிறோம். சனி, ஞாயிறு என்றால் எங்களுக்கும் வசதி.”

இதில் சட்டப் பிரிவு இல்லை, மிரட்டல் இல்லை. ஆனால் என்றைக்கு நடந்தது, என்ன நடந்தது, நீங்கள் எதற்குச் சம்மதிக்கவில்லை, எதற்குத் தயாராக இருக்கிறீர்கள் எல்லாமே பதிவாகிவிட்டது. நடந்த அன்றே அனுப்புவது முக்கியம். அவர் “சரிம்மா, தெரியாம வந்துட்டேன்” என்று பதில் போட்டால் அதுவே ஒப்புதல். பதிலே போடாமல் நீலக் குறி மட்டும் விழுந்தாலும் சரி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறையும் நடந்தால் அதே விஷயத்தைக் காகிதத்தில் எழுதி, 17-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு, ஒப்புகைச் சீட்டோடு தபாலில் அனுப்புங்கள். அப்போது தொனி கொஞ்சம் இறுகலாம், தப்பில்லை.

பூட்டை மாற்றலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பராமரிப்பு வேலைகளில் எது யாருடையது என்று சட்டத்தின் அட்டவணை பிரித்திருக்கிறது. அதில் கதவுப் பூட்டு, கைப்பிடி மாற்றுவது வாடகைதாரர் பொறுப்பில்தான் வருகிறது. ஆனால் கதவைக் குடைந்து புதுப் பூட்டுப் பொருத்துவது வேறு விஷயம், அதற்கு ஓனரிடம் கேட்டுவிடுங்கள். இருக்கிற கொண்டியில் உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டுவிட்டுப் போவதில் எந்த வம்பும் இல்லை. உள்ளே இருக்கும்போது தாழ்ப்பாள் போட்டுவிட்டால் மாற்றுச் சாவியால் பயனில்லை.

செய்யவே கூடாத ஒன்றும் இருக்கிறது. கோபத்தில் வாடகையை நிறுத்துவது. அவர் செய்தது எவ்வளவு பெரிய தப்பாக இருந்தாலும், இரண்டு மாத வாடகை பாக்கி என்பது உங்களை வெளியேற்றச் சட்டம் அவருக்குத் தரும் காரணங்களில் ஒன்று. அவர் கையில் இல்லாத ஆயுதத்தை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. வாடகையை பேங்க் கணக்கிலேயே அனுப்புங்கள். வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

வாடகை அதிகாரியா, போலீஸா?

எழுதியும் நிற்கவில்லை என்றால் இந்த இரண்டில் ஒன்றுதான். வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலையில் உள்ள அரசு அலுவலர். அவருக்கு மேல் வாடகை நீதிமன்றம், அதற்கும் மேல் தீர்ப்பாயம். இப்படி ஒருவர் இருப்பதே பலருக்குத் தெரியாது, எடுத்தவுடன் ஸ்டேஷனுக்குத்தான் ஓடுகிறோம்.

தண்ணீர், கரண்ட், மாடிப்படி விளக்கு, துப்புரவு இவற்றில் ஓனர் கை வைத்தால் வாடகை அதிகாரிதான் சரியான இடம். 2017 சட்டத்தின் 20-ஆவது பிரிவு, இவற்றை நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறது. விசாரணை முடிவதற்கு முன்னாலேயே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. ஸ்டேஷனில் இதையே சொன்னால், “இது சிவில் மேட்டர், நீங்களே பேசித் தீர்த்துக்குங்க” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

ஆனால் இந்த வழிக்குக் காகிதம் வேண்டும். 11 மாதத்துக்கு அக்ரிமென்ட் போட்டால் பதிவு செய்யத் தேவையில்லை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து வந்த பழக்கம் அது. 2017 சட்டத்தின்படி எத்தனை மாத அக்ரிமென்ட்டாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. ஓனர்தான் பதிய வேண்டும் என்பதில்லை, வாடகைதாரரும் விண்ணப்பிக்கலாம். பதியாத அக்ரிமென்ட்டைச் சாட்சியமாக எடுத்துக்கொள்வதில் சிக்கல் வரும். அக்ரிமென்ட்டே போடாமல் வாய்ப்பேச்சில் குடியிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அக்ரிமென்ட் போடத் தவறியதையே காரணமாகக் காட்டி ஓனர் வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்றும் மனு போட முடியும். இதைத் தெரிந்துகொண்டு மனுவில் கையெழுத்துப் போடுங்கள்.

போலீஸ் எப்போது? பயம் வரும்போது. குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டுவது, மிரட்டுவது, உங்களை வெளியே விட்டுப் பூட்டுவது, சாமானைத் தூக்கி வெளியே போடுவது, இவை எதுவும் சிவில் மேட்டர் இல்லை. ஒருவர் சுவாதீனத்தில் இருக்கும் வீட்டுக்குள், அவரை மிரட்டவோ அவமானப்படுத்தவோ தொந்தரவு செய்யவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு நுழைவது அத்துமீறல் குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆவது பிரிவு அது. நுழைகிறவர் வீட்டின் சொந்தக்காரர் என்பதற்காகக் குற்றம் இல்லாமல் போய்விடாது. இங்கேயும் நீங்கள் முன்பே அனுப்பிய வாட்ஸ்அப் செய்திதான் பேசும். வரக் கூடாது என்று தெரிந்தே வந்தார் என்பதை அது காட்டும். புகாரை எழுத்தில் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்ப வராதீர்கள். வெறும் வாய்ப்பேச்சில், “நாங்க கூப்பிட்டு கண்டிச்சு அனுப்பறோம்” என்று முடிந்தால் உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

குளியலறை, படுக்கையறை பக்கம் கேமரா இருப்பதாகச் சந்தேகம் வந்தாலோ, தனியாக இருக்கும் பெண்ணிடம் ஓனரோ அவர் வீட்டு ஆணோ தப்பாக நடந்தாலோ, மேலே சொன்ன எந்தப் படியும் வேண்டாம். பேச வேண்டாம், எழுத வேண்டாம். நேராக அவசர உதவிக்கான 112 அல்லது பெண்கள் உதவிக்கான 181-க்குப் போன் பண்ணுங்கள். கேமராவை நீங்களே கழற்றாதீர்கள், இருக்கிறபடியே போட்டோ எடுத்துவிட்டுப் போலீஸ் வரும்வரை வெளியே இருங்கள். பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்து பார்ப்பதும் படம் பிடிப்பதும் அதே நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவில் தனிக் குற்றம்.

கோர்ட் எல்லாவற்றையும்விட நிதானமான வழி, செலவும் கூடுதல். இந்தச் சட்டத்துக்குள் வருகிற விஷயங்களில் சிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று சட்டமே சொல்கிறது. எந்தக் கதவைத் தட்டுவது என்பதை வக்கீல்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சட்ட நடைமுறை இல்லாமல் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் வீட்டைத் திரும்பக் கேட்டு ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தில் (Specific Relief Act) ஒரு பிரிவு இருக்கிறது, அந்தக் கெடுவை மட்டும் விட்டுவிடாதீர்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

காலி செய்வது

இதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் நிம்மதியாக இருக்க வேண்டும். ஜெயித்த பிறகும் மாடியிலிருந்து ஒருவர் முறைத்துக்கொண்டே இருந்தால் அந்த நிம்மதி வராது. குழந்தைக்குப் பள்ளிக்கூடம் மாற வேண்டியதில்லை, பக்கத்திலேயே வேறு வீடு கிடைக்கிறது என்றால், மனு, விசாரணை என்று அலைவதைவிட இதுதான் மேல். வீடு மாற்றும் செலவு, புரோக்கர் கமிஷன், புது அட்வான்ஸ் எல்லாம் சேர்த்தால் பெரிய தொகை, அதையும் மறைக்கக் கூடாது.

பழைய அட்வான்ஸ் வருமா என்பதுதான் இதில் இருக்கும் ஒரே பெரிய கவலை. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், பத்து மாதம் வாங்கும் வழக்கம் சென்னையில் இன்னும் இருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டம்தான். பெயின்ட்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது ஊர் வழக்கம். ஆனால் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் முன்னே சொன்ன பராமரிப்பு அட்டவணையில் ஓனர் பொறுப்பில்தான் இருக்கின்றன. அக்ரிமென்ட்டில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அக்ரிமென்ட்டில் சொன்ன கெடுவுக்கு முன்னால் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். சாமானை ஏற்றிய பிறகு ஒவ்வொரு அறையையும், குழாயையும், சுவிட்ச் போர்டையும் மெதுவாக வீடியோ எடுங்கள். ஈ.பி. மீட்டரின் ரீடிங்கை போட்டோ எடுத்து அன்றே அனுப்புங்கள். சாவியை வாட்ச்மேனிடமோ பக்கத்து வீட்டிலோ கொடுத்துவிட்டுப் போகாமல், ஓனர் கையில் கொடுத்து, “சாவி பெற்றுக்கொண்டேன், அட்வான்ஸ் பாக்கி இவ்வளவு, இந்தத் தேதிக்குள் தருகிறேன்” என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.