பத்தடி அறைக்கு எந்த லென்ஸ்? 35 மி.மீ., 50 மி.மீ. ஒப்பீடு

கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸில் ஒன்றரை வருடம் படம் எடுத்தபிறகு இரண்டாவது லென்ஸ் வாங்கப் பணம் சேர்த்தேன். என்னுடையது நிக்கான் டி5600. கையிருப்பு ஒரே ஒரு லென்ஸுக்குத்தான் போதும். விசாரித்த இடங்களில் எல்லாம் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கு என்றார்கள். நான் 35 மி.மீ. எஃப் 1.8 வாங்கினேன். (மி.மீ. என்பது லென்ஸின் குவியத்தொலைவு; அது கூடக் கூடச் சட்டத்தில் அடங்கும் காட்சி குறுகும். எஃப் எண் குறையக் குறைய ஒளி நுழையும் துளை பெரிதாகும்.) எட்டு மாதங்கள் ஆகின்றன. மறுபடி வாங்க நேர்ந்தாலும் இதைத்தான் எடுப்பேன். எங்கள் வீட்டுக் கூடம் பத்தடிக்குப் பதினோரடி என்பதே அதற்குக் காரணம்.

பொதுவான அம்சங்களை முதலில் முடித்துவிடுகிறேன். 35 இருநூறு கிராம், 50 அதைவிடப் பதினைந்து கிராம் குறைவு. இரண்டிலும் ஜூம் கிடையாது. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வி.ஆர். வசதியும் கிடையாது. ஒளியை வாங்குவதில் இரண்டும் சமம். கிட் லென்ஸை 55-க்குத் திருப்பினால் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. 1.8 அதைப்போல ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளியை உள்ளே விடுகிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டர் 1/15 நொடி திறந்திருக்க வேண்டிய காட்சியை 1/125 நொடியில் எடுத்துவிடலாம். வி.ஆர். நம் கை ஆடுவதை மட்டுமே ஈடுகட்டும். துள்ளுகிற குழந்தையின் முகம் கலங்காமல் விழ ஷட்டர் வேகம்தான் வேண்டும். ஆகவே இரண்டில் எதை வாங்கினாலும் வீட்டுக்குள் எடுக்கும் படங்கள் உடனே தேறும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வித்தியாசம் தூரத்தில் தொடங்குகிறது. ஃபிலிம் காலத்தில் 50 மி.மீ. இயல்பான பார்வை தரும் லென்ஸ் என்று பெயர் வாங்கியது. அன்றைய ஃபிலிம் சட்டம் (ஃபிரேம்) 36-க்கு 24 மி.மீ. ஃபிலிமின் இடத்தில் இருந்து ஒளியைப் பதியும் டி5600-இன் சென்சாரோ 23.5-க்கு 15.6 மி.மீ.தான். இந்தச் சிறிய சென்சாரில் 50 பார்ப்பது ஃபிலிமில் 75 பார்க்கும் அளவு. 35 பார்ப்பது ஏறக்குறைய 52 பார்க்கும் அளவு. பழைய 50-இன் இடம் இங்கே 35-க்குத்தான் சேரும்.

கணக்கு எளிது. நிற்கும் தூரத்தைச் சென்சாரின் அகலத்தால் பெருக்கி, குவியத்தொலைவால் வகுத்தால் சட்டத்தில் அடங்கும் அகலம் கிடைத்துவிடும். மூன்று மீட்டரில், அதாவது பத்தடிக்குச் சற்றே குறைவான தூரத்தில், 50-க்குள் 1.4 மீட்டர் அடங்கும். 35-க்குள் இரண்டு மீட்டர் அடங்கும். முதலாவதில் தோளோடு தோள் நெருங்கி நின்றாலும் மூன்று பேருக்கே இடம். இரண்டாவதில் நான்கு பேர் நிற்கலாம். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு ஒருவரை முழுதாக எடுக்க, கேமராவை நெடுக்காகப் பிடித்தாலும் 50-க்குப் பதினான்கு அடி வேண்டும். 35-க்குப் பத்தடி போதும். எங்கள் கூடத்தில் ஒரு பக்கச் சுவரை பீரோ அடைத்துக்கொண்டிருக்கிறது. பதினான்கு அடிக்கு எங்கே போவது?

வாங்கும் முன் நண்பரிடம் 50-ஐப் பத்து நாள் இரவல் வாங்கியிருந்தேன். அந்த நாட்களில்தான் அண்ணன் மகளுக்கு வீட்டிலேயே காதுகுத்து நடந்தது. அவள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். ஆசாரி ஊசியை எடுக்கிறார். என் முதுகு பீரோவில் முட்டிவிட்டது. சட்டத்துக்குள் அவள் முகமும் மாமன் சட்டையின் பாதியும்தான். வாசலுக்குப் போய் நின்றால் தூரம் கிடைத்தது; இடையில் சித்தியும் பெரியம்மாவும் மறைத்தார்கள். கிடைத்த படங்களில் குழந்தையின் கண்ணீர் அத்தனை துல்லியம், பின்புலம் வெண்ணெய்போலக் கரைந்திருந்தது. ஆனால் ஆசாரியின் கை இல்லை, அவளை அணைத்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்ட மாமன் இல்லை, சர்க்கரை டப்பாவோடு குனிந்து நின்ற ஆச்சி இல்லை. எனக்கு அவர்கள் எல்லோரும் வேண்டும். பின்புலம் மங்குவதற்காகவே லென்ஸ் வாங்குபவர்களோடு அன்றிலிருந்து நான் உடன்படுவதில்லை. வீட்டு விசேஷத்தில் பின்புலமாக நிற்பது நம் சொந்தபந்தம்.

35-இல் இன்னொரு நன்மை, பொருளை 30 செ.மீ. வரை நெருங்கலாம். 50-க்குக் குறைந்தது 45 செ.மீ. வேண்டும். பந்தியில் உட்கார்ந்தபடியே நம் இலையைப் படம் பிடிக்க இது உதவுகிறது.

முகத்தை மட்டும் எடுப்பதில் 50 உயர்ந்தது. 35-ஐ வைத்துக்கொண்டு முகத்தால் சட்டத்தை நிரப்ப வேண்டுமானால் மிகவும் நெருங்க வேண்டும். நெருங்கினால் மூக்கு பெரிதாகத் தெரியும். மொட்டை மாடியிலும் கோயில் பிராகாரத்திலும், பின்னால் நகர இடம் இருக்கிற எங்கேயும், ஆட்களை எடுக்க நான் 50-ஐயே சிபாரிசு செய்வேன். பிற்பாடு ஃபுல் ஃபிரேம், அதாவது ஃபிலிம் சட்டத்தின் அளவே சென்சார் உள்ள, கேமராவுக்கு மாறும் எண்ணம் இருந்தாலும் 50-தான் சரி. அது அங்கேயும் முழுச் சட்டத்தை நிரப்பும். இந்த 35 சிறிய சென்சாருக்கென்றே செய்தது. அங்கே நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்த முடியும். விற்கும்போதும் 50-க்கு அந்தச் சாதகம் உண்டு. பழைய 50 வாங்குபவர்கள் ஏ.எஃப்.-எஸ். என்ற எழுத்துகளைக் கட்டாயம் பாருங்கள்; ஃபோகஸ் செய்யும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே மோட்டார் இல்லாத 'டி' வகை மலிவாகக் கிடைக்கும். ஆனால் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களிலும் மோட்டார் இல்லாததால் அதில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

தொலைவில் இருப்பதை அருகில் காட்டும் 70-300 போன்ற ஜூமைக் கூந்தன்குளத்தில் பறவை பார்க்கப் போனபோது ஒரு காலைப்பொழுது மட்டும் பயன்படுத்தியிருக்கிறேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. பறவைகளும் கோபுரச் சிற்பங்களும்தான் உங்கள் ஆசை என்றால், மேலே சொன்ன இரண்டுமே உங்களுக்கு உதவாது என்பது மட்டும் உறுதி.

வாங்கும் முன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35-இல் வைத்து செலோ டேப் ஒட்டி ஒரு ஞாயிறு முழுக்க வீட்டில் படம் எடுங்கள். அடுத்த ஞாயிறு 50-இல் ஒட்டுங்கள். எந்த நாளில் சுவரில் முட்டினீர்கள் என்று பாருங்கள். பிறகு கணினியில் பழைய படங்களின் விவரங்களைத் திறந்தால், ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.யில் எடுத்தது என்று பதிவாகியிருக்கும். நான் வீட்டுக்குள் எடுத்தவை பெரும்பாலும் 24-க்கும் 38-க்கும் நடுவில் இருந்தன. அதைப் பார்த்த மறுநாள் கடைக்குப் போனேன்.