குளிர்காலத்தில் ‘கார் ஏசியில கேஸ் இல்ல’ என்று அழுத்தம் காட்டும் கேஜின் முள்ளைக் காட்டினால் நம்பாதீர்கள். 14,500 போச்சு

கொதிப்பு அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். பில் மேசைமேல்தான் கிடக்கிறது: 14,500. என் அக்காவின் பணம். வாங்கியவர்கள், வாசலுக்கே வந்து காரை எடுத்துப்போய் வேலை முடித்துக் கொண்டுவந்து விடும் செயலி ஒன்றும், அதோடு ஒப்பந்தம் போட்டிருக்கிற ஏசி ஒர்க்‌ஷாப் ஒன்றும். புகார் இன்னும் முடியாததால் பெயர் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை, இந்த வித்தையைக் குளிர்காலத்தில் எந்தக் கடையிலும் காட்டலாம்.

அக்கா சொன்ன பிரச்சினை இது. காலையில் காரை எடுத்தால் முன் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து வெள்ளையாகிவிடுகிறது. ஹீட்டர் போட்டால் கொஞ்சம் விலகுகிறது, ஐந்து நிமிடத்தில் மறுபடி மூடுகிறது. இடது முன் சீட்டின் கீழே மேட் எப்போதும் ஈரமாக இருக்கிறது. பெட்ரோலும் முன்பைவிடக் கூடுதலாகக் குடிக்கிறது. இத்தனையையும் புக்கிங் போடும்போதே தெளிவாக எழுதியிருக்கிறாள். ஈர மேட் என்கிற ஒரு வார்த்தையிலேயே பாதி விடை இருக்கிறது. அதை மட்டும் எவனும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீடியோ காலில் மெக்கானிக் பானெட்டைத் திறந்து காட்டுகிறான். நீல ஹோஸ், சிவப்பு ஹோஸ் இரண்டையும் மாட்டி, கேஜை கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறான். இன்ஜின் ஓடவில்லை. இரண்டு முள்ளும் 45 பிஎஸ்ஐ-யில் (அழுத்தத்தின் அலகு) நிற்கின்றன. “பாருங்க மேடம், 90க்கு மேல இருக்கணும். பாதிதான் இருக்கு. கேஸ் இல்லாம ஏசி எப்படிக் காத்தைக் காய வைக்கும்? அதான் கண்ணாடி மூடுது.” பேச்சில் பதற்றமே இல்லை. கண்ணெதிரே முள் காட்டுகிறது, வேறென்ன சாட்சி வேண்டும்? அக்கா ‘சரி, போடுங்கள்’ என்று சொன்னது அந்த நொடியில்தான்.

அந்த முள் என்ன சொன்னது என்று இப்போது பாருங்கள். இன்ஜின் ஓடாமல் நிற்கும்போது ஏசி சிஸ்டத்துக்குள் இருக்கிற ஆர்-134ஏ என்கிற குளிரூட்டும் கேஸ் கொஞ்சம் திரவமாகவும் மிச்சம் ஆவியாகவும் இருக்கும். அப்போது கேஜ் காட்டுவது வெளி வெப்பநிலைக்கு ஏற்ற அழுத்தத்தை மட்டும்தான். 30 டிகிரியில் 97 பிஎஸ்ஐ சுமார். 20 டிகிரியில் 68. 10 டிகிரியில் 45. 0 டிகிரியில் 28. உள்ளே 300 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும், ஒரு சொட்டு திரவம் மிச்சம் இருக்கிறவரை முள் அதே இடத்தில்தான் நிற்கும். வீடியோ எடுத்த காலையில் வெளியே 10 டிகிரி. 45 காட்டியதற்கு அர்த்தம், சிஸ்டத்தில் திரவ நிலையில் கேஸ் இருக்கிறது என்பது மட்டும்தான். அவன் சொன்ன 90 வெயில் காலத்துக் கணக்கு.

நிரப்பி முடித்த பிறகு அவன் முள்ளைக் காட்டவே இல்லை. காட்டியிருந்தால், இன்ஜின் ஆறிய பிறகு அதே 45தான் நின்றிருக்கும். வயிறு எரிகிறது.

கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய ஒரே வழி, ரெக்கவரி மெஷினில் முழுவதையும் வெளியே எடுத்து எடை பார்ப்பது. எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் கிராமில் அச்சிட்டிருக்கும். அக்காவின் காருக்கு 480 கிராம். மெஷின் வைத்திருக்கிற வேறொரு இடத்தில் எடுத்துப் பார்த்தபோது வந்தது 700 கிராம். இன்ஜினை ஓடவிட்டு, லோ சைடு (குறைந்த அழுத்தப் பக்கம்) முள் தனக்குப் பிடித்த இடத்துக்கு வரும்வரை டப்பா டப்பாவாக ஏற்றியிருக்கிறான். குளிரில் லோ சைடு இயல்பாகவே குறைவாகத்தான் காட்டும். அதைத் தூக்கப் பார்த்தால் ஓவர்சார்ஜ்தான் ஆகும். வெயில் வந்ததும் ஹை சைடு (அதிக அழுத்தப் பக்கம்) அழுத்தம் எகிறி, பிரஷர் சுவிட்ச், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரை நிறுத்தி நிறுத்தி ஓட்டும். திரவம் கம்ப்ரஸருக்குள் போனால் கம்ப்ரஸரே காலி.

இதைவிட மோசம், ஊற்றியது சீலர் கலந்த டப்பா. லீக் அடைக்கும் என்று விற்கப்படும் இந்தச் சீலர்களில் பல, ஈரம் பட்டால் கெட்டியாகும் வகை. வேக்கம் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்காமல் மேலே மேலே ஏற்றிய சிஸ்டத்தில் ஈரம் இருக்கத்தான் செய்யும். கேஸ் போகும் அளவைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பேன்ஷன் வால்வின் துளை எவ்வளவு சிறியது என்று பார்த்தவர்களுக்கு, அங்கே இது இறுகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சீலர் இருக்கிறது என்று தெரிந்தால் நல்ல ஒர்க்‌ஷாப்கள் தங்கள் ரெக்கவரி மெஷினை அந்தக் காரில் மாட்டவே மாட்டார்கள். மெஷின் போய்விடும். இரண்டாவது இடத்தில் முதலில் சோதனைக் கிட் வைத்துப் பார்த்து, தனி சிலிண்டரில்தான் எடுத்தார்கள். சிஸ்டத்தின் ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் ட்ரையரை மாற்ற வேண்டியதாகிவிட்டது. அந்தச் செலவு 14,500-க்கு மேலே தனி.

பில்லில் இரண்டாவது வரி ஒன்று இருக்கிறது: ‘விண்டர் மைலேஜ் செட்டிங்’. முன் கண்ணாடிக்குக் காற்று அடிக்கும் டீஃப்ராஸ்ட் போட்டால் பல கார்களில் ஏசி கம்ப்ரஸர் தானாக ஓடத் தொடங்கும். அதுதான் பெட்ரோலைத் தின்கிறது, அதை நிறுத்தித் தருகிறோம் என்று சொல்லி இதற்கும் சேர்த்துத்தான் 14,500. பானெட்டுக்குள் இருக்கிற ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூடியின் உள்பக்கப் படத்தில் ஏசி ரிலே (கம்ப்ரஸருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) என்று குறித்திருக்கிற இடம் காலியாக இருந்தது. நான்கு துளைகள், சுற்றிலும் தூசி, ரிலே இருந்த சதுரம் மட்டும் சுத்தமாக. ரிலேவைப் பிடுங்கி எடுத்துக்கொண்டதற்குத்தான் ‘செட்டிங்’ என்று பெயர்.

ஒரு கையால் கேஸ் ஏற்றிப் பணம் வாங்கி, மறு கையால் கம்ப்ரஸர் ஓடாதபடி செய்து அதற்கும் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

குளிர்காலத்தில் கண்ணாடியைத் தெளிய வைப்பதே அந்தக் கம்ப்ரஸர்தான். காற்று முதலில் எவாப்பரேட்டர் என்கிற குளிர்ந்த பாகத்தில் பட்டுக் குளிர்கிறது, அதிலிருக்கிற ஈரம் தண்ணீராகி டிரெய்ன் குழாய் வழியே கீழே சொட்டுகிறது. காய்ந்த காற்று, சூடான கூலன்ட் ஓடும் ஹீட்டர் கோர் வழியே சூடாகிக் கண்ணாடிக்கு வருகிறது. ஏசியும் ஹீட்டரும் சேர்ந்து ஓட வேண்டும். சூடு இன்ஜினைக் குளிர்விக்கும் அந்தக் கூலன்ட்டிலிருந்து வருவது, எப்படியும் வீணாகப் போகிற சூடு, அதற்குத் தனியாகப் பெட்ரோல் இல்லை. கம்ப்ரஸர் கடும் வெயிலில் சில கிலோவாட் இழுக்கும் என்பது உண்மை. 10 டிகிரி குளிரில் அதன் சுமை மிகக் குறைவு, அதுவும் கொஞ்ச நேரம்தான் வேண்டும். ஏசி இல்லாமல் கண்ணாடி விலகட்டும் என்று இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தால்? சின்ன பெட்ரோல் கார் சும்மா நிற்கும்போதே மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை குடிக்கும். தினமும் காலையில் பத்து நிமிடம் அப்படி நின்றால் என்ன மைலேஜ் மிச்சம்?

உண்மையான கோளாறு எது தெரியுமா? அந்த டிரெய்ன் குழாய். இலைத் தூளும் மண்ணும் சேர்ந்து அடைத்திருந்தது. வெளியே சொட்ட வேண்டிய தண்ணீர் உள்ளே வழிந்து, கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கிற பஞ்சில் ஊறி நின்றது. ஹீட்டர் போட்டதும் அந்த ஈரம் ஆவியாகிக் கண்ணாடிக்கே போய்ப் படிகிறது. விலகி மறுபடி மூடியது இதனால்தான். குழாயின் கீழ் முனையிலிருந்து மெல்ல அழுத்தக் காற்று விட்டதும் ஒரு குவளைத் தண்ணீர் கறுப்பாகக் கொட்டியது. கார்ப்பெட்டைத் தூக்கி இரண்டு நாள் காய வைத்தோம், ரிலே புதிதாகப் போட்டோம், கேபின் ஃபில்டரை மாற்றினோம். கண்ணாடி இப்போது சுத்தமாக இருக்கிறது. கேஸுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. (மேட்டில் இருப்பது தெளிந்த தண்ணீராக இல்லாமல் நிறமும் பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால் ஹீட்டர் கோர் லீக். அது வேறு வேலை, தள்ளிப்போடாதீர்கள்.)

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் நடந்த கூத்தைக் கேளுங்கள். ஒர்க்‌ஷாப்: “குளிர்காலத்துல கண்ணாடி மூடறது சகஜம் மேடம்.” பிறகு: “கேஸ் கன்ஸ்யூமபிள், அதுக்கு வாரண்டி கிடையாது.” ரிலே எங்கே என்று கேட்டால் “செயலியில கேளுங்க”. செயலியில் கேட்டால் “சிரமத்திற்கு வருந்துகிறோம், ஒர்க்‌ஷாப்பைத் தொடர்புகொள்ளவும்”. காலி ரிலே இடத்தின் படம், 700 கிராம் காட்டிய மெஷின் சீட்டு எல்லாம் அனுப்பினாள். பதில்: வெளியாள் பானெட்டைத் திறந்துவிட்டதால் புகார் செல்லாது. ‘தீர்க்கப்பட்டது’ என்று போட்டு மூடியும்விட்டார்கள். மறுபடி திறந்தோம், மறுபடி மூடினார்கள். 14,500 திரும்பவில்லை. கார்டு கொடுத்த வங்கியில் தகராறு மனு போட்டிருக்கிறோம்.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில:

நிற்கிற இன்ஜினில் கேஜ் காட்டி ‘கேஸ் குறைவு’ என்றால் வெளி வெப்பநிலை என்ன என்று கேளுங்கள். எடை பார்க்காமல் ஏற்ற விடாதீர்கள். எடுத்தது எவ்வளவு, போட்டது எவ்வளவு என்று கிராமில் சீட்டு வேண்டும், வேக்கம் போட்ட நேரமும் அதில் இருக்க வேண்டும்.

வெளியே உறைநிலைக்குப் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலான கார்களில் கம்ப்ரஸர் தானாகவே ஓடாது. எவாப்பரேட்டர் உறையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. அதைக் காட்டி ‘கம்ப்ரஸர் செத்துப்போச்சு’ என்பவனிடம் காரை விடாதீர்கள்.

கண்ணாடி மூடினால் டீஃப்ராஸ்ட், ஏசி ஆன், சூடு முழுசாக, வெளிக்காற்று. ரீசர்குலேஷன் (உள்காற்றையே சுற்றவிடுவது) கூடாது. தெளிந்ததும் ஏசியை உடனே அணைக்காதீர்கள், எவாப்பரேட்டரில் இருக்கிற ஈரம் திரும்ப வந்து அப்பும்.

மைலேஜ் செட்டிங் என்று எவனாவது பேசினால் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு சாவியைக் கொடுங்கள். சீலர் டப்பா கண்ணில் பட்டால் சாவியையே கொடுக்காதீர்கள்.