கலப்புக் குடல் கட்டி ஈரலுக்குப் பரவினால்: பழைய அறிக்கையா, புதிய பயொப்சியா?

கட்டி ஒன்று, உள்ளே புற்றுநோய் இரண்டு: அடினோகார்சினோமாவும் (சுரப்பிக் கலங்களில் தோன்றும் வழமையான குடல் புற்றுநோய்) நியூரோஎண்டோகிரைன் பகுதியும் (ஹோர்மோன் சுரக்கும் கலங்களை ஒத்தது). ஒவ்வொன்றும் 30 சதவீதமாவது இருந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வகைப்பாட்டில் அது ‘மைனென்’. 2010இன் பெயரான ‘மானெக்’ அறிக்கைகளில் இன்னும் வருகிறது.

ஈரலுக்குப் பரவியபின், குடல் கட்டியின் பழைய அறிக்கையை வைத்தே கீமோ தொடங்கினால் நாட்கள் மிச்சம். ஊசியும் இரத்தக்கசிவுப் பயமும் இல்லை. ஆனாலும் ஈரலிலிருந்து இழையத் துண்டெடுத்துப் பார்க்கும் புதிய பயொப்சியே சரி என்பேன்.

காரணம், மருந்தே மாறுகிறது. அடினோகார்சினோமாவுக்கு வழமையாக ஃபோல்ஃபாக்ஸ் என்ற கீமோ மருந்துக் கூட்டு: 14 நாளுக்கு ஒருமுறை, 46 மணிநேரம் பம்பில் ஏறும். வேகமாக வளரும் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமாவுக்கு சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டினுடன் எட்டோபோசைட், 3 வாரத்துக்கு ஒருமுறை. குடலில் அடினோகார்சினோமா 70, நியூரோஎண்டோகிரைன் 30 என்று இருந்த கட்டியிலிருந்து, ஈரலுக்கு அந்த 30 மட்டும் போயிருக்கலாம். பழைய அறிக்கை கொலொனோஸ்கோபித் துண்டை மட்டும் பார்த்தது என்றால் இன்னும் மோசம்: கிள்ளி எடுப்பது மேற்பரப்பை, நியூரோஎண்டோகிரைன் பகுதியோ பெரும்பாலும் ஆழத்தில். சிறு துண்டில் 30 சதவீதத்தை அளக்கவும் முடியாது.

ஆனால் இழையம் வீணானால் ஊசி குத்தியும் பயனில்லை. மெல்லிய ஊசியால் உறிஞ்சும் கலங்கள் போதாது. தடிப்பான 18 கேஜ் ஊசியால் இரண்டு மூன்று துண்டுகள் வேண்டும். எடுத்தவுடன் 10 சதவீத ஃபோர்மலினில், துண்டின் பத்து மடங்கு அளவில் போட வேண்டும், சேலைனில் அல்ல. படிவத்தில் ‘முன்பு கலப்புக் கட்டி’ என்று எழுதாவிட்டால், ஆய்வுகூடம் வழமையான குடல் புற்றுநோய்ச் சாயங்களிலேயே துண்டைத் தீர்த்துவிடும். சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் (இரண்டும் நியூரோஎண்டோகிரைன் கலங்களைக் காட்டும்), கி-67 (பெருகும் கலங்களின் சதவீதத்தைக் காட்டும்) மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வேகமான வகையில் குரோமோகிரானின் மங்கலாகத் தெரியலாம். அதை மட்டும் நம்பக்கூடாது. கி-67ஐ ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக எண்ண வேண்டும், சராசரி ஏமாற்றும்.

கொழும்பில் தனியார் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்துவிட்டு மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் காகிதத்தோடு மட்டும் போகாதீர்கள். பழைய இழையத்தை மெழுகில் பதித்து வைத்த பரஃபின் பிளொக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். புதியதை அவற்றோடு ஒப்பிட வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், குளோபிடோகிரெல் எடுப்பவர்கள் ஊசிக்கு முன்பே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

ஈரலிலும் இரண்டும் கலந்திருந்தால்? வேகமான பகுதிக்கே முதலில் மருந்து கொடுப்பது வழக்கம். அரிய நோய் என்பதால் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளின் பலம் இதற்கு இல்லை. கி-67 55 சதவீதத்துக்குக் கீழே என்றால் சிஸ்பிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்துகளுக்குக் கட்டி சுருங்கும் வாய்ப்பும் குறைவு.

ஈரல் பாதிப்பைக் காட்டும் பிலிருபின் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது, பயொப்சித் திகதியோ வாரக்கணக்கில் தள்ளிப்போகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். அப்போது மட்டும் பழைய பிளொக்கில் விடுபட்ட சாயங்களைப் போட்டுப் பார்த்துச் சிகிச்சையைத் தொடங்கலாம்.