வளாகப் போராட்டத்துக்கு எந்த மெகாஃபோன்? 25 வாட் வகை: ஒரு மதிப்பீடு

"வகுப்புக்கு இடையூறு செய்தார்கள்." போராடும் மாணவர்கள் மீது எளிதாகச் சுமத்தக்கூடிய புகார் இது. கோரிக்கை எவ்வளவு நியாயமாக இருந்தாலும், இதற்கு இடம் கொடுத்துவிட்டால் பேச்சு முழுக்க அதைச் சுற்றியே போகும். அதனால் மெகாஃபோன் வாங்கக் கடைக்குப் போனால், எவ்வளவு தூரம் கேட்கும் என்று விசாரிப்பதைவிட எவ்வளவு குறைத்து வைக்க முடியும் என்று விசாரியுங்கள். திருகுக் குமிழில் படிப்படியாகச் சத்தம் குறையாத கருவி வளாகத்துக்கு ஆகாது.

25 வாட் வகையில் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று, பின்பக்கத்திலேயே மைக் உள்ள கைப்பிடி வகை. மற்றது, தோளில் மாட்டிக்கொண்டு சுருள் ஒயரில் தனி மைக்கைப் பிடித்துப் பேசும் வகை. எங்கள் தேர்வு இரண்டாவதுதான். கைப்பிடி வகையில் பேசுபவர் முகம் திரும்பும் பக்கமெல்லாம் சத்தமும் திரும்பும். நிர்வாகக் கட்டடத்தைப் பார்த்தால் சத்தம் நேரே ஜன்னலுக்குப் போய்விடும். தனி மைக் இருந்தால் ஒருவர் சத்தம் வெளிவரும் குழலைக் கூட்டத்தின் பக்கமே பிடித்திருக்கலாம், இன்னொருவர் பேசலாம்.

எவ்வளவு சத்தம் தேவை என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 110 டெசிபல் தரும் கருவியை முழுச் சத்தத்தில் வைத்தால் 100 மீட்டரிலும் 70 டெசிபல் இருக்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் கல்வி நிலையம் போன்ற இடங்களைச் சுற்றிய அமைதி மண்டலத்துக்குப் பகல் வரம்பு 50 டெசிபல், இரவில் 40. இப்போது கூட்டத்தைப் பாருங்கள். 200 பேர், சதுர மீட்டருக்கு இருவர் வீதம் அரைவட்டமாக நின்றால், கடைசி ஆள் ஏறத்தாழ 8 மீட்டரில் இருப்பார். கருவியை 95 டெசிபலுக்கு இறக்கினால் அவருக்கு 77 டெசிபல் கிடைக்கும். எதிரே இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது 60தான். 100 மீட்டரில் அதே சத்தம் 55 ஆகிவிடும். குழலின் முதுகு வகுப்பறைப் பக்கம் இருந்தால் இன்னும் குறையும். ஆக, முழுச் சத்தம் தேவையே இல்லை.

அந்த 100 மீட்டர் சும்மா எடுத்த எண் அல்ல. விதிகளில் கல்வி நிலையங்களைச் சுற்றிய அமைதி மண்டலம் குறைந்தது அவ்வளவு. 2017 திருத்தத்துக்குப் பிறகு மாநில அரசு அறிவித்த இடம்தான் அமைதி மண்டலம், எனவே உங்கள் வளாகத்துக்கு அறிவிக்கை உண்டா என்று பாருங்கள். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யூ) 2023 இறுதியில் வந்த கையேட்டிலும் இதே தூரம் வருகிறது: வகுப்பறை, நிர்வாகக் கட்டடங்களிலிருந்து 100 மீட்டருக்குள் தர்ணா நடத்தினால் 20,000 ரூபாய் வரை அபராதம். அரசமைப்பின் 19(1)(ஆ) பிரிவு ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத் தந்திருக்கும்போது, மாணவர் ஒருவருக்கு இவ்வளவு பெரிய தொகையை விதிப்பது அநியாயம் என்பதே எங்கள் கருத்து. ஆனாலும் இடம் குறிக்கும்போது டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள், கண்ணளவு வேண்டாம்.

இந்த வகையில் பெரிய குறை சைரன் பொத்தான். பல கருவிகளில் பேசும் விசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நெரிசலில் கை பட்டு அலறினால் பின்னால் நிற்பவர்கள் என்னவோ ஏதோ என்று ஓடுவார்கள். அமைதியான கூட்டம் தள்ளுமுள்ளாக அதுவே போதும். சைரன் இல்லாததை வாங்குங்கள். இருந்தால், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து அந்த ஒயரை மட்டும் கழற்றிவிடுங்கள்.

குழலை யார் முகத்துக்கும், குறிப்பாகக் காவலாளி முகத்துக்கு, நேராகப் பிடிக்காதீர்கள். 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கப் பணியிட நல நிறுவனத்தின் கணக்கு. அதன்படி 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். 110க்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. காதைப் புண்ணாக்கிவிட்டு அமைதிப் போராட்டம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

'கீச்' என்ற கூவல் வந்தால் மைக் குழலுக்கு முன்னால் வந்துவிட்டது, அல்லது எதிர்ச் சுவர் சத்தத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று அர்த்தம். பின்னால் ஓரடி தள்ளி நின்று, மைக்கை வாயிலிருந்து 3, 4 சென்டிமீட்டரில் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் 'ப' எழுத்து வெடிப்பதும் நிற்கும். குரல் கரகரத்தால் பேட்டரி தீர்கிறது. சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். பெரிய டி சைஸ் செல் போடும் கருவியில் பழையதையும் புதியதையும் கலக்கக் கூடாது. முடிந்ததும் செல்லைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் ஸ்பிரிங் அரித்துவிடும். முதலில் போவது மைக் ஒயரின் கழுத்துதான். கடையிலேயே பேசிக்கொண்டே அந்த இடத்தை வளைத்துப் பாருங்கள்; விட்டுவிட்டுக் கேட்டால் வேறு எடுங்கள்.

ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி கட்டாயம், திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை கூடவே கூடாது. காவல்துறை, பல்கலைக்கழகம் இரண்டுக்கும் தரும் கடிதத்தில் தேதி, தொடங்கி முடியும் நேரம், இடம், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, பொறுப்பாளர் இருவர் பெயர், அதோடு "25 வாட் மெகாஃபோன் ஒன்று" என்பதையும் எழுதுங்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட நகல் மெகாஃபோன் பிடிப்பவர் பையிலேயே இருக்கட்டும்.