விறைப்புக் குறைபாடு: லேகியமா, பார்மசி மாத்திரையா, கிளினிக்கா?

விறைப்புக் குறைபாட்டுக்கு மருந்து தேடும் இலங்கை மலையகத்து ஆணுக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன: விளம்பரத்தில் வரும் லேகியம், டொக்டரின் மருந்துத் துண்டில்லாமல் பார்மசியில் கேட்டு வாங்கும் மாத்திரை, அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக். நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தவன். ஆகவே என் சார்பு அந்தப் பக்கமே இருக்கும்.

பெயர் தெரியாத லேகியங்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. மூலிகை மட்டுமே என்று விற்கப்படும் இத்தகைய பொருள்கள் பலவற்றில் சில்டெனாஃபில் (வயாகராவில் இருக்கும் மருந்து) இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பல தடவை எச்சரித்திருக்கிறது. பதிவுபெற்ற ஆயுர்வேத அல்லது சித்த வைத்தியர் ஒருவர் ஆளைப் பார்த்துக் கொடுக்கும் மருந்து வேறு. அதை நான் எடுத்ததில்லை என்பதால் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

பார்மசி மாத்திரையின் கவர்ச்சி எனக்கு நன்றாகவே புரிகிறது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ முகம் தெரியாத கடையில் வாங்கிக்கொள்ளலாம். வரிசையில் நிற்க வேண்டியதில்லை. தேயிலை மலையில் வேலை செய்பவருக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகாது. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாஃபில் பெரும்பாலான ஆண்களுக்கு வேலையும் செய்கிறது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. ஆணுறுப்புக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகள் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீற்றர் அகலமானவை. இதயத்தின் நாடிகளோ 3 முதல் 4 மில்லிமீற்றர். நீரிழிவு, பிரஷர், கொலஸ்ட்ரோல், சிகரெட் ஆகியவை உடம்பு முழுவதிலும் நாடிகளைக் கெடுக்கும்போது சிறிய குழாய்தான் முதலில் தடைப்படுகிறது. அதனால்தான் பலருக்கு நெஞ்சு வலி வருவதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே விறைப்புக் குறைந்துவிடுகிறது. மாத்திரை அந்த நாடியைச் சில மணி நேரம் தளர்த்துகிறதே தவிர, அதைக் கெடுத்த நோயைத் தொடுவதில்லை. மாத்திரை நன்றாக வேலை செய்கிற ஒருவர் தனக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார். உள்ளே சீனியும் பிரஷரும் தம் பாட்டில் ஏறிக்கொண்டிருக்கும். எனக்கு அச்சம் தருவது இந்த நிம்மதிதான்.

கிளினிக்கில் நடந்தது எளிமையானது. காலையில் எழும்போது விறைப்பு வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. அது வழமைபோல் வந்தால் மனக்கவலையோ குடும்பப் பிரச்சினையோ காரணமாக இருக்கக்கூடும். பிறகு கையில் பட்டி கட்டிப் பிரஷர் பார்த்தார்கள். வெறுவயிற்றில் இரத்தம் எடுத்தார்கள். குடி, புகை, ஏற்கெனவே எடுக்கும் மருந்துகள் பற்றிக் கேட்டார்கள், ஏனெனில் பிரஷருக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் சில குளிசைகளே இந்தக் குறையை உண்டாக்கலாம். என் வெறுவயிற்றுச் சீனி, நீரிழிவுக்கான எல்லையான 126 mg/dLஐத் தாண்டியிருந்தது. மறுபடி பார்த்தபோதும் இறங்கவில்லை. கிளினிக் கொப்பியில் நீரிழிவு என்று எழுதப்பட்டது. லேகியமோ பார்மசியோ இதைக் கண்டுபிடித்திருக்காது.

குறைகளும் உண்டு. டொக்டருக்குத் தமிழ் தெரியாதபோது தாதி மொழிபெயர்க்க, பக்கத்தில் ஊர்க்காரர் காத்திருக்க, இதைப் பற்றிப் பேசுவது கடினம். வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுப்பது உதவும். ஒரு நாள் பேர் போவதும் உண்மையே. இவற்றை ஏற்றுக்கொண்டும் நான் கிளினிக்கையே சொல்வேன்.

மாத்திரைகளுக்கிடையில் பார்த்தால், சில்டெனாஃபில் நான்கைந்து மணி நேரம் நிற்கும். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் தாமதமாகும். அதே வகையைச் சேர்ந்த தடலாஃபில் 36 மணி நேரம் வரை நிற்கும். சாப்பாடு அதைப் பாதிப்பதில்லை. இரண்டிலும் தலைவலியும் முகச்சிவப்பும் வரலாம். எனக்குத் தடலாஃபில் பொருந்துகிறது. நடையும் சேர வேண்டும்: வாரம் நான்கு நாள், நாளுக்கு 40 நிமிடம், ஆறு மாதம் வேகமாக நடந்தால் விறைப்பு மேம்படுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. தோட்டத்து அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் என் போன்றோர் கோதுமை மா ரொட்டியையும் சீனி போட்ட பிளேன்டீயையும் குறைத்தால் இரத்தச் சீனி இறங்கவும் வழியுண்டு.

மாத்திரை பலிக்காதவர்களுக்கு வெற்றிடப் பம்ப், ஆணுறுப்பில் போடும் ஊசி, இறுதியாகச் சத்திரசிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. அவற்றில் எனக்கு அனுபவமில்லை, சிறுநீர்த்தொகுதிச் சத்திரசிகிச்சை நிபுணரிடமே (யூரோலஜிஸ்ட்) கேட்க வேண்டும்.

இதய நோய்க்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் குளிசையையோ அந்த வகை வேறு மருந்தையோ எடுப்பவர் சில்டெனாஃபில், தடலாஃபில் இரண்டையும் தொடவே கூடாது. பிரஷர் திடீரென விழுந்து உயிரே போகலாம். மாத்திரை எடுத்தபின் நெஞ்சு வலி வந்து வைத்தியசாலைக்குப் போகிறவர், எதை, எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரமும் தடலாஃபில் என்றால் 48 மணி நேரமும் நைட்ரேட் கொடுக்க முடியாது.