கூத்து வீடியோவில் தேட: பேச்சா, காட்சியா?

இலங்கை மலையகத்தில் அட்டன், நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் எடுத்த காமன் கூத்து, அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளின் வீடியோக்கள் பலரிடம் குவிந்து கிடக்கின்றன. வேண்டிய இடத்தைத் தேடி எடுப்பதுதான் பெரும்பாடு. செயற்கை நுண்ணறிவில் இதற்கு இரண்டு வழி உண்டு.

ஒன்று, பேச்சை எழுத்தாக்கித் தேடுவது. 2022இல் வந்த விஸ்பர் (Whisper) என்ற பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் தமிழையும் எழுதும். வரிக்கு வரி நேரக்குறியும் போடும். "கொழுந்து மடுவம்" (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை) என்று தேடினால், அதைப் பற்றிப் பெரியவர் பேசும் நிமிடத்துக்கே போய்விடலாம். ஆனால் தப்பு மேளத்தின் அடி ஓங்கும்போது பாட்டு வரிகள் சிதையும். சில சமயம் யாரும் சொல்லாத வாக்கியத்தையே எழுதிவைக்கும். "பிரட்டுக்களம்" (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) போன்ற மலையகச் சொற்களை நம் ஆட்கள் உட்கார்ந்து சரிபார்க்கத்தான் வேண்டும்.

மற்றது, காட்சியைத் தேடுவது. 2021இல் வந்த கிளிப் (CLIP) என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி, படத்தையும் சொல்லையும் எண்களாக்கி ஒப்பிடும். "இரவில் தீப்பந்தம்" கிடைக்கும், ஆனால் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். வேஷத்தைப் பார்த்து இவள் ரதி என்று சொல்ல அதை நம்ப முடியாது.

நான் பேச்சிலிருந்துதான் தொடங்குவேன். கூத்து மாஸ்டர்மாரின் விளக்கமெல்லாம் அதில்தான் இருக்கிறது. அருச்சுனன் தபசு மரம் ஏறுவது போன்ற பேச்சில்லாத இடங்களுக்கு அப்புறம் காட்சித் தேடலைச் சேர்த்துக்கொள்ளலாம்.